உரிமை கிடைத்தது, மீன் எங்கே போனது? பேரேரிகளின் மட்டியும் பூர்வகுடிகளின் வலையும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1979ஆம் ஆண்டு ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, நீர்நிலை உரிமைக்காகப் போராடும் எவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. ஒடாவா, ஒஜிப்வே பூர்வகுடிகள் 1836இல் அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியாக ஏறத்தாழ 1.38 கோடி ஏக்கர் நிலத்தை இழந்தனர். நிலம் போயிற்று, ஆனால் ஏரியில் மீன்பிடிக்கும் உரிமையை அவர்கள் ஒருபோதும் விட்டுக்கொடுக்கவில்லை என்று நீதிபதி நோயல் ஃபாக்ஸ் தீர்ப்பளித்தார். மாநில அரசு தன் விருப்பப்படி விதி வகுத்து அந்த உரிமையைப் பறிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பு எளிதில் கிடைத்ததன்று. பே மில்ஸ் குடியைச் சேர்ந்த ஆல்பர்ட் லெப்ளாங்க் என்ற மீனவர், செவுள் வலை விரித்த குற்றத்துக்காக 1971இல் வழக்குக்கு ஆளானார். அந்த ஒரு வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அதனுடன் இணைந்து எழுந்த பெருவழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்தில் முடிந்தது. பூர்வகுடிகளின் செவுள் வலைகள் ஏரியின் மீன்வளத்தையே அழித்துவிடும் என்று கரையெங்கும் பரப்புரை நடந்தது. பூர்வகுடி மீனவர்கள் மிரட்டப்பட்டார்கள். அத்தனையையும் கடந்துதான் அந்த உரிமை நிலைநாட்டப்பட்டது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1988 ஜூன் மாதத்தில், ஹியூரன் ஏரிக்கும் ஈரி ஏரிக்கும் இடையிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் கைவிரல் நகத்தின் அளவேயான ஒரு மட்டி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இன்று ஹியூரன் ஏரியிலும் மிச்சிகன் ஏரியிலும் பூர்வகுடி மீனவர்களின் வாழ்வாதாரமான வெண்மீன் பெருமளவு அருகிவிட்டது. மீன்வளத்தை அழிக்கும் என்று குற்றஞ்சாட்டப்பட்ட வலைகள் இதற்குக் காரணமல்ல. கப்பல்கள் கொண்டுவந்து கொட்டிய மட்டிகளே முதன்மைக் காரணம். ஒரு சிற்றுயிர் ஓர் ஏரியின் உணவுச் சங்கிலியை எவ்வாறு மாற்றியது, அதற்குச் சட்டம் எவ்வாறு வழிவிட்டது, நீதிமன்றத்தில் வென்ற உரிமை எவ்வாறு வெறுமையானது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மட்டி வந்த வழி

அமெரிக்கா, கனடா எல்லையில் அமைந்த ஐந்து பேரேரிகளும் உலகின் மேற்பரப்பு நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கொண்டவை. மூன்று கோடிக்கும் மேற்பட்ட மக்கள் அவற்றின் நீரைக் குடிக்கிறார்கள். 1959இல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறக்கப்பட்டதும், அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்துவரும் பெரிய சரக்குக் கப்பல்கள் நாட்டின் நடுப்பகுதி வரை வந்து சேர முடிந்தது.

சரக்கு இல்லாமலோ குறைந்த சரக்குடனோ பயணிக்கும் கப்பல் அலையில் நிலைகுலையாமல் இருக்க, அதன் தொட்டிகளில் நீர் நிரப்பப்படுகிறது. இதைப் பேலஸ்ட் நீர் என்பார்கள். ஒரு துறைமுகத்தில் நிரப்பிய நீரை, சரக்கு ஏற்றும் மற்றொரு துறைமுகத்தில் வெளியேற்றுவார்கள். அந்த நீரோடு முட்டைகளும் இளவுயிரிகளும் நோய்க்கிருமிகளும் கண்டம் விட்டுக் கண்டம் பயணிக்கின்றன.

கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட சீப்ரா மட்டி வந்தது இவ்வழியில்தான் என்பதே அறிவியலாளர்களின் முடிவு. ஓட்டின் மேலுள்ள கறுப்பு வெள்ளை வரிகளால் அதற்கு அப்பெயர். அடுத்த ஆண்டே அதன் நெருங்கிய உறவான குவாகா மட்டி ஈரி ஏரியில் தென்பட்டது. சீப்ரா மட்டிக்குப் பாறை, குழாய், படகு போன்ற கடினப் பரப்புகள் வேண்டும். குவாகாவோ சேற்றுத் தரையிலும், குளிர்ந்த ஆழ்நீரிலும் வாழும். ஆகவே சீப்ரா எட்டாத ஆழங்களையும் குவாகா கைப்பற்றியது.

ஒரு பெண் மட்டி ஓராண்டில் பத்து லட்சம் முட்டைகள் வரை இடக்கூடியது. முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரி கண்ணுக்குத் தெரியாத அளவில் பல வாரங்கள் நீரில் மிதந்து, ஆற்றோட்டத்தோடு சென்று, பிடிப்பு கிடைத்த இடத்தில் நூல்களைச் சுரந்து ஒட்டிக்கொள்ளும். பேரேரிகளிலிருந்து மிசிசிப்பி ஆற்றுப் படுகைக்கும், 1991க்குள் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஆற்றுக்கும் சீப்ரா மட்டி சென்றது. 2007இல் குவாகா மட்டி ராக்கி மலைகளுக்கு அப்பாலுள்ள மீட் ஏரியில் கண்டறியப்பட்டது. உல்லாசப் படகுகளில் ஒட்டிக்கொண்டு தரைவழியாகவும் அது பயணித்தது.

தெளிந்த நீர், பசித்த மீன்

மட்டி நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்பாசிகளை வடிகட்டி உண்டு, மீதியை வெளியேற்றும். வளர்ந்த ஒரு மட்டி ஒரு நாளில் ஒரு லிட்டர் நீர் வரை வடிகட்டும். ஏரித்தரையெங்கும் மட்டிகள் கம்பளம் போல் விரிந்திருக்கையில், அந்தச் சிறிய செயலின் கூட்டுத்தொகை முழு ஏரியின் உணவையும் உறிஞ்சிவிடுகிறது. ஹட்சன் ஆற்றில் சீப்ரா மட்டி பெருகிய சில ஆண்டுகளில் மிதக்கும் நுண்பாசியின் அளவு 80 முதல் 90 விழுக்காடு வரை குறைந்தது. ஆற்றின் நடுநீரில் இரை தேடும் மீன்கள் நலிந்தன. கரையோரச் செடிகளை அண்டி வாழும் மீன்கள் சில பெருகின. படையெடுப்பு எல்லா உயிருக்கும் ஒரே அளவில் கேடு செய்வதில்லை.

பாசி குறைந்ததால் நீர் தெளிந்தது. மிச்சிகன், ஹியூரன் ஏரிகள் இன்று கண்ணாடி போல் காட்சியளிக்கின்றன. சுற்றுலாப் பயணிகளுக்கு இது அழகு. ஆனால் பசுமை இழந்த அந்த நீர், உணவு இழந்த நீர். ஏரித்தரையில் டிபோரியா என்றொரு சிறிய, இறால் போன்ற உயிர் இருந்தது. கொழுப்புச் சத்து மிகுந்த அது வெண்மீனின் முதன்மை இரை. மட்டிகள் பரவிய 1990களிலிருந்து அது மிச்சிகன், ஹியூரன், ஒன்டாரியோ ஏரிகளின் பெரும்பகுதியில் மறைந்துபோயிற்று. முட்டையிலிருந்து பொரிந்து வரும் வெண்மீன் குஞ்சுகளுக்கு மிதக்கும் நுண்ணுயிர்கள்தாம் முதல் உணவு, அதுவும் இல்லை. எனவே குஞ்சுகள் பொரிந்தும் வளர்ந்து மீனாவதில்லை.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. சுப்பீரியர் ஏரியின் நீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. ஓடு கட்ட இயலாததால் மட்டிகள் அங்கே பெருகவில்லை. அங்கே வெண்மீன் நிலைத்து நிற்கிறது. மிச்சிகன் ஏரியின் ஒரு பகுதியான, ஊட்டச்சத்து மிகுந்த கிரீன் பே விரிகுடாவிலும் வெண்மீன் பெருகியது. உணவு இருக்குமிடத்தில் மீன் இருக்கிறது என்பதை இவ்விரு நீர்ப்பரப்புகளும் காட்டுகின்றன.

தெளிந்த நீரில் வெயில் ஆழம் வரை இறங்குவதால் தரையில் இழைப்பாசி செழித்து, கரையொதுங்கி அழுகுகிறது. அழுகலில் பிராணவாயு தீர்ந்த இடங்களில் பாட்டுலிச நச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளர்கிறது. அந்த நச்சு மட்டியிலிருந்து அதைத் தின்னும் மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்கும் ஏறுவதால் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் மாண்டிருக்கின்றன. உள்நாட்டு நன்னீர்ச் சிப்பிகளின் ஓட்டின் மேல் சீப்ரா மட்டிகள் கொத்துக்கொத்தாக ஒட்டி, அவை வாய்திறக்கவும் நகரவும் இயலாமல் செய்தன. செயின்ட் கிளேர் ஏரியில் சில ஆண்டுகளுக்குள் அச்சிப்பிகள் ஏறக்குறைய துடைத்தெறியப்பட்டன.

மட்டிகள் எல்லாப் பாசியையும் உண்பதில்லை என்பதையும் குறிக்க வேண்டும். மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நச்சுப்பாசியை அவை பெரும்பாலும் விலக்கித் துப்பிவிடுகின்றன. அதற்குப் போட்டியான நல்ல பாசிகளைத் தின்றுவிடுகின்றன. 2014 ஆகஸ்டில் ஈரி ஏரிக்கரையிலுள்ள டொலிடோ நகரில் குடிநீரில் நச்சு கலந்து, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் குழாய் நீரைத் தொட அஞ்சிய நாட்கள் வந்தன. பண்ணைகளிலிருந்து வடியும் உரமே இதன் முதற்காரணம். ஆனால் அந்த உரம் எந்தப் பாசியாக மாறும் என்பதைத் தீர்மானிப்பதில் மட்டிக்கும் பங்குண்டு.

யார் விலை கொடுத்தார்கள்?

முதலில் சத்தம் எழுந்தது நகரங்களிலிருந்துதான். 1989இல் மிச்சிகன் மாநிலத்தின் மன்ரோ நகரில் குடிநீர் எடுக்கும் குழாயை மட்டிகள் அடைத்துக்கொண்டு நகரமே தண்ணீரின்றித் தவித்தது. மின் நிலையங்களின் குளிர்விப்புக் குழாய்களும் அடைபட்டன. நகராட்சிகளும் நிறுவனங்களும் குளோரின் பாய்ச்சின, குழாய்களைச் சுரண்டின, வடிகட்டிகளை அமைத்தன. செலவு நீர்க்கட்டணத்திலும் மின்கட்டணத்திலும் சேர்ந்தது. அவர்களுக்குப் பணம் ஒரு தீர்வாக இருந்தது.

குழாயைச் சுரண்டலாம், ஏரியைச் சுரண்ட முடியாது. ஏரித்தரையில் பரவிய மட்டிகளை முழுமையாக அகற்றும் வழி இன்றுவரை கண்டறியப்படவில்லை. ஆகவே நீரிலிருந்து நேரடியாக உணவும் வருவாயும் பெற்ற மக்களுக்கு எந்தத் தீர்வும் இல்லை. ஒஜிப்வே மொழியில் வெண்மீனை அடிகமெக் என்பார்கள். நீரில் வாழும் கலைமான் என்று பொருள்படும். குளிர்நாட்டில் கலைமான் எவ்வாறு ஒரு சமூகத்தையே தாங்கியதோ, அவ்வாறே இம்மீன் ஏரிக்கரை மக்களைத் தாங்கியது என்பதை அப்பெயரே சொல்லிவிடுகிறது. 1836 உடன்படிக்கையின் வழித்தோன்றல்களான ஐந்து பூர்வகுடி அமைப்புகளின் வணிக மீன்பிடிப்பு இம்மீனை மையமாகக் கொண்டது. இப்போது அவ்வமைப்புகளே குஞ்சு வளர்த்து ஏரியில் விடும் முயற்சியில் இறங்கியிருக்கின்றன. கப்பல் நிறுவனங்கள் ஏற்படுத்திய இழப்பை, இழந்தவர்களே தங்கள் கைப்பொருளாலும் உழைப்பாலும் ஈடுசெய்ய முயல்கிறார்கள்.

ஒற்றை வரி விதிவிலக்கு

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? இருந்தது. அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டம் 1972இல் நிறைவேறியது. அனுமதியின்றி நீர்நிலையில் மாசுப்பொருளைக் கலக்கக்கூடாது என்பது அதன் அடிப்படை விதி. உயிரியல் பொருட்களும் மாசுப்பொருள் என்ற வரையறைக்குள் வரும். ஆனால் மறு ஆண்டே, 1973இல், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஓர் ஒழுங்குமுறையை வெளியிட்டது. கப்பல்களின் வழக்கமான இயக்கத்தில் வெளியேறும் கழிவுகளுக்கு அனுமதி தேவையில்லை என்றது அது. பேலஸ்ட் நீரும் அதில் அடங்கியது. மக்களவை இயற்றிய சட்டத்தில் இல்லாத விலக்கை ஓர் அலுவலகம் எழுதிச் சேர்த்தது.

அறியாமையால் நேர்ந்தது என்று இதைக் கடந்துவிட முடியாது. பேரேரிகளுக்கு வரும் கப்பல்களின் பேலஸ்ட் நீரில் உயிருள்ள அயல் உயிரினங்கள் இருப்பதை 1981இல் கனடா அரசுக்காக நடத்தப்பட்ட ஆய்வு காட்டியிருந்தது. மட்டி கண்டறியப்பட்டது அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்துத்தான். பேரேரிகளுக்கு வரும் கப்பல்கள் நடுக்கடலில் நீரை மாற்ற வேண்டும் என்ற விதி 1993இல்தான் கட்டாயமானது. நீரில்லாதவையாகக் கணக்கிடப்பட்ட தொட்டிகளின் அடிவண்டலில் உயிர்கள் தங்கியிருந்ததால் அதுவும் போதவில்லை. அத்தொட்டிகளையும் உப்புநீரால் அலச வேண்டும் என்ற விதி 2008க்குள் நடைமுறைக்கு வந்த பிறகு, புதிய உயிரினங்களின் வரவு வெகுவாகக் குறைந்தது. தொட்டியை உப்புநீரால் அலசுவது பெருந்தொழில்நுட்பமன்று. 1959இலேயே அதைக் கட்டாயமாக்கியிருக்கலாம்.

1973ஆம் ஆண்டு விலக்கை எதிர்த்துச் சுற்றுச்சூழல் அமைப்புகள் 1999இல் மனு அளித்தன. முகமை மறுத்தது. கலிஃபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2005இல் அவ்விலக்கு சட்டத்துக்குப் புறம்பானது என்றது. ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் அதை உறுதிசெய்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் சட்டத்துக்குப் புறம்பான ஒரு வரி நடைமுறையில் இருந்தது. தீர்ப்பு விலக்கை ரத்துசெய்தது. மட்டியை ரத்துசெய்ய எந்தத் தீர்ப்பாலும் முடியாது.

மீன் இல்லாத மீன்பிடி உரிமை

இங்கேதான் நம் விவாதத்தின் மையக் கேள்வி எழுகிறது. மீன்பிடிக்கும் உரிமை என்பது வலை விரிக்கும் உரிமை மட்டுமா? அல்லது அந்த வலையில் விழ மீன் இருக்கும் நிலையில் நீரைக் காப்பாற்றும் கடமை அரசுக்கு உண்டா?

நாட்டின் மேற்குக் கரையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில் இக்கேள்விக்கு விடை கிடைத்தது. அங்குள்ள பூர்வகுடிகளின் சால்மன் மீன்பிடி உரிமையை 1974இல் நீதிபதி போல்ட் உறுதிப்படுத்தினார். பின்னர், சாலைகளுக்கு அடியில் மாநில அரசு அமைத்த குறுகலான நீர்ப்பாலங்கள் சால்மன் மீன்கள் ஓடைகளில் ஏறிச் செல்வதைத் தடுப்பதாகப் பூர்வகுடிகள் வழக்காடினர். மீன் வரும் வழியை அடைத்துவிட்டு மீன்பிடி உரிமையை மதிப்பதாகச் சொல்ல முடியாது என்ற வாதத்தை 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. 2018இல் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால் அத்தீர்ப்பு நிலைத்தது. ஆனால் அதே காரணத்தால் அது நாடு முழுமைக்குமான முன்னுதாரணம் ஆகவில்லை.

பேரேரிகளில் நிலைமை இன்னும் கடினம். நீர்ப்பாலத்தைக் கட்டியது அரசு. இடித்துக் கட்டு என்று ஆணையிடலாம். மட்டியைக் கொண்டுவந்தவை எண்ணற்ற கப்பல்கள். எந்தக் கப்பல், எந்த நாள் என்று எவராலும் நிறுவ முடியாது. 1985, 2000, 2023 ஆகிய ஆண்டுகளில் உருவான சமரசத் தீர்ப்பாணைகள் எந்தப் பகுதியில் யார், எக்கருவியால், எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்று பங்கிட்டன. பங்கிட வேண்டிய மீனே சுருங்கிக்கொண்டிருக்கும்போது, நுணுக்கமான பங்கீடு எவ்வளவு நியாயமாக இருந்தாலும் வலையை நிரப்பாது.

நம் கரையில் எழும் கேள்வி

இது தொலைதேசக் கதையன்று. கொசஸ்தலை ஆற்றின் எண்ணூர் முகத்துவாரத்திலும் பழவேற்காட்டிலும் மீனவர்கள் காக்கா ஆழி என்றழைக்கும் அயல் மட்டி பரவியிருக்கிறது. தென் அமெரிக்கக் கரைகளைத் தாயகமாகக் கொண்ட இது நன்னீர் மட்டியன்று, உவர்நீரில் வாழ்வது. கேரளத்தின் அஷ்டமுடி ஏரியிலும் பரவியிருக்கிறது. கப்பல்கள் வழியாகவே இதுவும் வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆற்றுத்தரையைக் கம்பளமாக மூடுவதால் இறால் சேற்றில் புதைந்து வாழ இடமில்லை என்று மீனவர்கள் சொல்கிறார்கள். அந்தச் சேற்றில் கைகளால் துழாவி இறால் பிடிப்பவர்களில் இருளர் பழங்குடியினர் உண்டு. பழவேற்காட்டில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பங்கிடும் 'பாடு' வழக்கத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடமில்லாமல் இருந்தது. படகும் பாடும் இல்லாதவர்களுக்கு எஞ்சியது ஆழமற்ற சேற்றுநிலம். அதையே மட்டி மூடுகிறது.

நம் சட்டங்கள் என்ன சொல்கின்றன? வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 62-ஏ பிரிவு, ஆக்கிரமிப்பு அயல் உயிரினங்களின் இறக்குமதியையும் பெருக்கத்தையும் கட்டுப்படுத்த ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அப்பிரிவின் அளவுகோல் வனவுயிருக்கும் அதன் வாழிடத்துக்கும் நேரும் கேடு. நீரை நம்பி வாழும் மனிதரின் இழப்பு அதில் பேசப்படவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் நீராதாரத்தைக் கெடுத்துப் பயனற்றதாக்குவதைக் குற்றமாக்குகிறது. கெடுத்தவர் இன்னார் என்று கைகாட்ட முடிந்தால்தான் அக்குற்றவியல் பிரிவு இயங்கும். பெயரற்ற கப்பல் தொட்டியிலிருந்து வந்த உயிரைக் குற்றவாளிக்கூண்டில் ஏற்ற முடியாது.

ஆகவே நாம் பற்ற வேண்டிய கருவிகள் வேறு. தமிழ்நாட்டுத் தோல் ஆலைகள் தொடர்பான 1996ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அவற்றைத் தீர்ப்பாயத்தின் கடமையாக்குகிறது. 15ஆம் பிரிவு இழப்பீட்டுக்கும் சூழல் மீட்புக்கும் வழி தருகிறது. ஆறுகளையும் கடற்கரையையும் அரசு மக்களின் பொருட்டு அறங்காவலராகவே வைத்திருக்கிறது என்ற கோட்பாட்டையும் நம் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. இவற்றின் அடிப்படையில் சில கோரிக்கைகளை நாம் தெளிவாக முன்வைக்கலாம்.

முதலாவது, துறைமுக விரிவாக்கத்துக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு ஒவ்வொன்றிலும் பேலஸ்ட் நீரும் கப்பலில் ஒட்டிவரும் உயிரினங்களும் கட்டாயம் ஆராயப்பட வேண்டும். இரண்டாவது, எந்தக் கப்பல் என்று நிறுவும் சுமையை மீனவர் தலையில் ஏற்றாமல், துறைமுகங்களிடமிருந்தும் கப்பல்களிடமிருந்தும் கட்டணம் பெற்று இழப்பீட்டு நிதி உருவாக்கப்பட வேண்டும். மூன்றாவது, அந்த இழப்பீடு படகும் வலையும் பதிவுசெய்தவர்களோடு நின்றுவிடாமல், கையால் இறால் பிடிப்பவர்களையும் சென்றடைய வேண்டும். பதிவேட்டில் இல்லாதவர்களே பெரும்பாலும் நம் மக்கள். நான்காவது, நீர்நிலையின் மாற்றத்தை முதலில் உணர்பவர்கள் அதில் இறங்கி நிற்பவர்களே. கண்காணிப்புக் குழுக்களில் அவர்களுக்கு வாக்குரிமையுடன் இடம் வேண்டும்.

1927இல் மகாத் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் முன்னோர் நீரை அள்ளினார்கள். அந்த உரிமையைப் பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதிசெய்ய மேலும் பத்தாண்டுகள் ஆயின. இன்றும் பல ஊர்களில் கண்மாயின் மீன்பாசி ஏலத்தில் தலித்துகள் பங்கேற்க முடியாத நிலை தொடர்கிறது. நீரை அணுகும் உரிமைக்கான போராட்டம் முடிந்துவிடவில்லை. பேரேரிகளின் வரலாறு அதனுடன் மற்றொன்றையும் சேர்க்கச் சொல்கிறது. குளம் நமக்குத் திறக்கப்படும் நாளில் அக்குளம் எந்நிலையில் இருக்கும் என்பதும் உரிமைப் போராட்டத்தின் பகுதி. அணுகும் உரிமைக்கு வழக்காடும் ஒவ்வொரு மனுவிலும் நீரின் நலனுக்கான கோரிக்கையையும் இனி நாம் எழுதியாக வேண்டும்.